முடிவு தெரிந்த ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது எப்படி

நான் தினமும் ஸ்கோர் மட்டும் பார்க்கிற ரசிகன். ஆனால் வருடத்துக்கு இரண்டு பழைய ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிடுவேன். முடிவு தெரிந்தாலும் படபடப்பு குறைவதில்லை.

முதலில் ஸ்கோரை நிதானமாகப் படியுங்கள். 2008 விம்பிள்டன் டென்னிஸ் இறுதியில் நடால் ஃபெடரரை 6-4, 6-4, 6-7, 6-7, 9-7 என்று வென்றார். நான்காவது செட்டின் டை-பிரேக்கில் (6-6 சமநிலையில் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) நடாலுக்கு வெற்றிப் புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவியது. ஃபெடரர் பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி அடித்த அந்த ஒரு அடி! எத்தனை முறை பார்த்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். மழை, மங்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் தாண்டி, மழை இடைவேளைகளைச் சேர்க்காமலே 4 மணி 48 நிமிடம் ஓடிய ஆட்டம் அது. இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் சரிதான்.

ஹைலைட்ஸ் வேண்டாம். 2022 உலகக் கோப்பை கால்பந்து இறுதியில் அர்ஜென்டினா 2-0 என்று 80-வது நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது. அந்த நீண்ட அமைதியைப் பார்த்தவருக்குத்தான் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டே நிமிடத்துக்குள் அடித்த இரண்டு கோல்களின் அதிர்ச்சி புரியும்.

அப்புறம், இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆளைக் கவனியுங்கள். அதே இறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானியின் உதையை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலால் தடுப்பார். அதற்கு முந்தைய அரை நொடியில் அவர் உடலை எப்படி விரிக்கிறார் என்று பாருங்கள்.