ஸ்கெட்ச்அப் முப்பரிமாண வரைவு மென்பொருளில் சிறு பொருள்களின் வளைவு ஓட்டையாகிறதா?

கதவுக் குமிழ், திருகாணித் தலை, குழாய்க் கைப்பிடி போன்றவற்றை உண்மை அளவிலேயே வரைந்து ஃபாலோ மீ (ஒரு வடிவத்தைப் பாதை வழியே இழுத்து உருவாக்கும் கருவி) கொடுத்தால், வளைவில் அங்கங்கே முகங்கள், அதாவது பரப்புகள், காணாமல் போகும். 0.001 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 0.025 மி.மீ.க்குள் இருக்கும் இரு புள்ளிகளை ஸ்கெட்ச்அப் ஒன்றாகவே எடுத்துக்கொள்வதுதான் காரணம். 1 மி.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்தை 48 பக்க வட்டங்களால் செய்தால், உச்சியை ஒட்டிய விளிம்புகள் வெறும் 0.017 மி.மீ. தான், அவை உருவாகவே உருவாகாது.

முதலில் பொருளின் அடிப்படை வடிவத்தை காம்பொனென்ட் ஆக்குங்கள் (ஒன்றைத் திருத்தினால் அதன் எல்லா நகல்களும் மாறும் தொகுப்பு இது; அப்படி மாறாத குரூப் போதாது). அதை நகலெடுத்து, ஸ்கேல் கருவியால் மூலைப்பிடியை இழுத்து 1000 என்று தட்டி என்டர் கொடுங்கள். பெரிய நகலைத் திறந்து ஃபாலோ மீ, இன்டர்செக்ட் (பரப்புகள் வெட்டும் இடத்தில் கோடு உண்டாக்குவது) எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடியுங்கள். மூலப்பொருளும் கூடவே மாறிவிடும். பிறகு பெரியதை அழித்துவிடலாம். ஒருமுறை உருவான முகம் எவ்வளவு சிறிதானாலும் மறையாது. ஆனால் சிறிய அளவிலேயே மறுபடி திருத்தினால் பழைய தொல்லை திரும்பும்.

வட்டத்துக்கு இயல்பாக 24 பக்கம். கருவியை எடுத்ததுமே, வரையும் முன் 48 தட்டி என்டர் கொடுங்கள். தூரத்தில் தெரியும் பொருளுக்கு 24 தாராளம். கூட்டினால் கோப்புதான் கனக்கும். மிஞ்சும் கோடுகளை சாஃப்டன் எட்ஜஸ் பலகையில் 20 முதல் 30 பாகைக்குள் வைத்து மென்மையாக்குங்கள். அதற்கு மேல் போனால் கூர்மையாக நிற்கவேண்டிய விளிம்பும் மழுங்கித் தெரியலாம்.