நிச்சயம் எந்த மாதம், கல்யாணம் எந்த மாதம்? மண்டபம் பிடிக்கும் முன் படியுங்கள்

ஜோசியரிடம் போவதற்கு முன் தினசரி காலண்டரை எடுத்து ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் அடித்துவிடுங்கள். தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இந்த மாதங்களில் தாலி கட்டுவதில்லை, புரட்டாசியில் மட்டும் செய்கிறவர்கள் சிலர் உண்டு. மிச்சம் ஒன்பது மாதம் இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். அதில் அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி எல்லாம் கழித்து, பெண்ணுக்கும் பையனுக்கும் சந்திராஷ்டமம் இல்லாமல் பார்த்து, அப்புறம் ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும் என்றால் கையில் நிற்பது சில நாட்கள்தான், அந்த நாட்களைத்தான் ஊரே கேட்கும்.

தடை மாதம் முடிந்த அடுத்த மாதம்தான் நெரிசல். ஆடி முழுக்கத் தேங்கிய கல்யாணங்கள் ஆவணியில் கொட்டும், மார்கழியில் தேங்கியவை தையில். தையில் இன்னொரு செலவும் உண்டு: பனியில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் விற்கும், வருகிற பெண்களுக்கெல்லாம் பூ கொடுப்பது உங்கள் வழக்கம் என்றால் அதற்கே தனியாகப் பணம் ஒதுக்குங்கள். வைகாசியில் பள்ளி விடுமுறை, சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், ஆனால் ஏசி இல்லாத மண்டபம் பிடித்தால் வந்தவர்கள் திட்டிவிட்டுத்தான் போவார்கள். ஆனியில் தலைப்பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள், பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை, திறந்தவெளி ரிசப்ஷன் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் பங்குனி. உத்திரத்தன்று சாமிக்கே திருக்கல்யாணம் நடக்கிற மாதம், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது, மல்லிகை விலையும் இறங்கியிருக்கும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டார் வர முடியாது, அது ஒன்றுதான் குறை. தேர்தல் வருடமாக இருந்தால் ஒன்று கவனியுங்கள், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போகும்போது பத்திரிகையும் ரசீதும் கையில் இருக்கட்டும், பறக்கும் படை நிறுத்திக் கேட்கும்.

சரி, நிச்சயம் எப்போது? ஆவணியில் கல்யாணம் என்றால் ஆனியிலேயே முடித்துவிடுங்கள், நடுவில் வரும் ஆடி பத்திரிகை அடிக்கவும் தள்ளுபடியில் துணி எடுக்கவும் சரியாக இருக்கும் (முகூர்த்தப் புடவையை மட்டும் ஆடியில் எடுக்க மாட்டோம் என்பார்கள், விட்டுவிடுங்கள்). தைக் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே நிச்சயம் செய்தால் இடையில் தீபாவளி வரும், பெண்ணுக்குப் புடவை, பலகாரம் என்று சீர் எதிர்பார்ப்பார்கள், கை இறுக்கமாக இருந்தால் தீபாவளி கழித்து கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிக்கனம், கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்திலேயே நிச்சயதார்த்தம், ஒரே மேடை, ஒரே சமையல் மாஸ்டர்.

வைகாசி, ஆனியில் கல்யாணம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பேசிவைக்க வேண்டும். உடனே ஆடி வந்துவிடும், பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு மாதம் முழுக்க நடக்காது, பல வீடுகளில் ஆடி 18-க்கு அழைத்து விருந்து வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

மண்டபத்தில் கேட்கும்போது ஒரே தேதியோடு போகாதீர்கள். தேய்பிறை முகூர்த்தத்தை வேண்டாம் என்பவர்கள் நிறைய, பஞ்சமி வரை பரவாயில்லை என்று உங்கள் வீட்டில் ஒத்துக்கொண்டால் பேரம் பேச இடம் கிடைக்கும். ஞாயிறு மாலை ரிசப்ஷன், திங்கள் காலை முகூர்த்தம் என்பதும் நல்ல வழி, திங்களன்று ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை, அதனால் ஆறு முதல் ஏழரை அல்லது ஒன்பது முதல் பத்தரைக்குள் தாலி கட்டிவிடலாம்.

ஆவணியிலும் தையிலும் அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் இருந்தால், உங்களுக்கு முன்னால் அங்கே கல்யாணம் வைத்தவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பவே மூன்று மணி ஆகிவிடும், உங்கள் அலங்காரக்காரரும் சமையல்காரரும் வாசலில் நிற்பார்கள். அதனால் மண்டபம் எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.