ட்ரம்ஸ் ஒலிப்பதிவில் கிளிக்கைப் பயன்படுத்தும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி வைத்திருப்பவர்களில் பலர், ட்ரம்ஸுக்கு மைக் வைப்பதில் நெடுநேரம் செலவிட்டபின், வாசிப்பவர் தாளம் பிசகாதிருக்க ஹெட்போனில் சீராக ஒலிக்கும் கிளிக்கை மட்டும் மென்பொருள் தந்தபடியே ஓடவிட்டுவிடுகிறார்கள். கிளிக்கின் வேகம், ஒலி, அளவு ஆகிய மூன்றையும் வாசிப்பவரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும்.

வேகத்தைத் தாளில் முடிவு செய்யாதீர்கள். பாடகரைப் பாடச்சொல்லி, ட்ரம்ஸ் கலைஞரைக் கூடவே மெதுவாகத் தட்டவிட்டு, இருவருக்கும் இயல்பாக அமையும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லவியில் வேகம் ஓரிரு பிபிஎம் (நிமிடத்துக்கான அடிகள்) ஏறுவது பாடலுக்குப் பொருந்துமானால், கிளிக்கும் அவ்விடத்தில் ஏறட்டும். 60 பிபிஎம் போன்ற மெதுவான பாடலில் இரண்டு கிளிக்குகளுக்கிடையே முழுதாக ஒரு விநாடி இருப்பதால், இடையில் எய்த் நோட்டையும் (அரை அடியையும்) மெல்லிய ஒலியில் சேர்ப்பது நல்லது.

6/8 தாளத்தில் அமையும் ஆட்டப்பாட்டான பைலாவுக்குத் தனிக்கவனம் தேவை. ஆறு எய்த் நோட்டுகள் கொண்ட 6/8இல் ஒரு சுற்றுக்கு இரண்டு அழுத்தங்கள் விழ வேண்டியிருக்க, குவாட்டர் நோட் (இரண்டு எய்த் நோட் அளவு) கிளிக் மூன்று முறை ஒலித்து வாசிப்பவரை வேறு பக்கம் இழுக்கும். ஆகவே கிளிக்கை டாட்டட் குவாட்டருக்கு (மூன்று எய்த் நோட் அளவுக்கு) மாற்றுங்கள். உங்கள் மென்பொருள் குவாட்டரில் மட்டுமே வேகத்தைக் கணக்கிடுமானால், அழுத்தம் நிமிடத்துக்கு 110 என்ற பாட்டுக்கு 165 என்று இடவேண்டும்.

அதிகத் தொல்லை தருவது கிளிக் மைக்குகளில் கசிவதுதான். காதை முழுதாக மூடும் ஹெட்போனையே கொடுங்கள்; ஒரு காதைத் திறந்துவைத்து வாசிக்கும் பழக்கத்தை அன்போடு தடுத்துவிடுங்கள். கூரிய பீப் ஒலி காதைக் களைப்படையச் செய்யும் என்பதால், ஷேக்கர் அல்லது மரக்கட்டை ஒலி பரவாயில்லை. பாட்டின் நடுவே கசிவு மற்ற ஒலிகளில் அமுங்கிவிடும். கடைசி அடிக்குப்பின் சிம்பல் மெல்லத் தேயும்போதோ அது தெளிவாகக் கேட்கும். எனவே கடைசி அடியோடு கிளிக் நின்றுவிடும்படி முன்கூட்டியே வெட்டி வையுங்கள்.

கிளிக் காதில் விழவில்லை என்று வாசிப்பவர் சொன்னால், உடனே ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அவருடைய ஸ்னேர் ட்ரம் அடி சரியாக அதன்மேல் விழும்போது கிளிக் மறையத்தான் செய்யும். ஹெட்போனில் ட்ரம்ஸின் ஒலியைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

எவ்வளவு முயன்றும் வாசிப்பு இறுகியே இருக்குமானால், தொடக்க எண்ணிக்கைக்கு மட்டும் இரண்டு சுற்றுக் கிளிக் கொடுத்து நிறுத்திவிட்டு, அவர் வாசித்த வேகத்தைப் பின்தொடரும் டெம்போ வரைபடத்தைப் பதிவுக்குப்பின் மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம்.