கானாவுக்கு சிதார் வாசிப்பது எப்படி? தொடக்கக்காரர்களுக்கு ஒரு செய்முறை

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கானா பாடுகிற ஒரு அண்ணன், டோலக் தட்ட ஒரு ஆள், உங்கள் கையில் ஒரு சிதார். இந்த மூன்றும் கூடிவிட்டால் மீதியைச் செய்துகொள்ளலாம். நீங்கள் பெரிய வித்வானாக இருக்க வேண்டியதில்லை. ஸரிகம சீராக வரணும், தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் மீண்ட் பிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

சிதார் வெளி இசைகளோடு சேர்ந்ததில் இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். 1965-இல் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டில் சிதாரைச் சேர்த்தது ஒரு வழி. பாட்டு அவர்களுடையது, சிதார் அதற்கு ஒரு புது நிறம். 1967-இல் ரவிசங்கரும் வயலின் மேதை யெஹுதி மெனுஹினும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு இன்னொரு வழி. அங்கே வயலின் ராகத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கானாவுக்கு வரும்போது சிதார்தான் விருந்தாளி. இரண்டு நிமிஷம் ஆலாப் (தாளமில்லாத ராக முன்னுரை) வாசித்துவிட்டு ‘இப்ப பீட் போடுங்க’ என்று கைகாட்டுவதற்கு ஃபியூஷன் என்று பேர் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1. கட்டையை (ஸட்ஜம் நிற்கும் சுருதியை) முடிவு பண்ணுங்கள்

பெரும்பாலான ஒத்திகைகள் இங்கேதான் படுத்துவிடும். சிதார் வழக்கமாக ஒன்றரைக் கட்டையிலோ இரண்டு கட்டையிலோ இருக்கும். மேலே எடுத்துப் பாடுகிறவர் நாலரை கேட்பார். ‘ணா, கொஞ்சம் இறக்கிப் பாடுறீங்களா?’ என்று கேட்கலாம்தான். ஆனால் இறக்கினால் அந்தக் குரலில் இருக்கிற காரம் போய்விடும். அதற்காக சிதாரை நாலரைக்கு முறுக்காதீர்கள், தந்தி அறுந்துவிடும்.

வழி ஏற்கெனவே சிதாரிலேயே இருக்கிறது. முதல் தந்தியான பாஜ், மத்தியமத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். சிதார் ஒன்றரைக் கட்டை என்றால் அந்த மத்தியமம் சரியாக நாலரை. இரண்டு கட்டை சிதார் என்றால் ஐந்து. எனவே அந்த ‘ம’-வையே ‘ஸ’ ஆக வைத்துக்கொண்டு வாசியுங்கள். பஞ்சமத்தில் இருக்கும் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கி மத்தியமத்துக்குக் கொண்டுவந்தால் அவை புது ஸட்ஜமாகிவிடும். ஓரத்தில் இருக்கும் சிகாரித் தந்திகளைத் தொட வேண்டாம், அவை இப்போது பஞ்சமமாக ஒலிக்கும். சுருதிப்பெட்டி ஆப்பைப் புது ஸட்ஜத்தில் ஓடவிடுங்கள், காது சீக்கிரம் பழகிவிடும்.

2. ஸ்வரங்களைப் பொறுக்குங்கள்

பாட்டைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்து, எந்தெந்த ஸ்வரம் வருகிறது என்று காதால் கண்டுபிடியுங்கள். ராகத்தின் பேரைத் தேடி அலைய வேண்டாம். சில கானாக்கள் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டி ராக விஸ்தாரம் செய்தால் பாட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

சாவு வீட்டில் பாடும் மரண கானா மாதிரியான சோகப் பாட்டுக்குப் பழக, கீரவாணி நல்ல தொடக்கம். இது கர்நாடக இசையிலிருந்து இந்துஸ்தானிக்குப் போன ராகம். சாருகேசி, ஹம்சத்வனி, வாசஸ்பதி எல்லாமும் அப்படிப் போனவைதான். இவற்றை வடக்கே பரப்பியதில் ரவிசங்கருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, சிதாருக்குத் தெற்கு புதுசில்லை.

‘ம’-வை ஸட்ஜமாக வைத்துக் கீரவாணி வாசிக்க, சிதாரின் பழைய ஸட்ஜக் கணக்கில் கோமள ரி-யும் கோமள த-வும் (அரை ஸ்வரம் இறங்கிய ரி, த) தேவை. அவற்றுக்கான பர்தாக்கள், அதாவது கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோக வளைவுகள், நூலால் கட்டப்பட்டவை, நகரும். பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) இருக்கும் பக்கமாக ஒவ்வொன்றையும் மெல்லத் தள்ளி, சுருதியோடு ஒத்துப் பார்த்து நிறுத்துங்கள். அடியில் ஓடும், தானாகவே கூட அதிரும் தரப் தந்திகளையும் இதே ஸ்வரங்களுக்கு மாற்றி வைக்கணும். சலிப்பான வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் பின்னணியில் பழைய ராகம் முனகிக்கொண்டே இருக்கும்.

3. தாளம்: தகிட தகிட

நிறைய கானாக்கள் திஸ்ர நடையில் ஓடும். கைதட்டிப் பாருங்கள். ‘தகிட தகிட’ பொருந்தினால் திஸ்ரம், ‘தகதிமி’ பொருந்தினால் சதுஸ்ரம். திஸ்ரமாக இருந்தால், தாத்ரா தாளத்தின் ஆறு மாத்திரையில் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இப்போது மிஸ்ராப் (தந்தியை மீட்டும் கம்பி நகம்) போட்ட விரலைக் கவனியுங்கள். உள்ளே இழுக்கும் அடி ‘தா’, வெளியே தள்ளுவது ‘ரா’. ‘தா’ கனமாக விழும். ‘தா ரா தா ரா தா ரா’ என்று மாற்றி மாற்றி அடித்தால் இரண்டாவது ‘தகிட’ ‘ரா’-வில் தொடங்கும், டோலக்கின் அழுத்தத்தோடு ஒட்டாமல் தொங்கும். ‘தா ரா தா, தா ரா தா’ என்று அடியுங்கள். இரண்டு ‘தா’ அடுத்தடுத்து வருவதால் முதலில் விரல் தடுமாறும், மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம் ஜாலா, அதாவது சிகாரியையும் சேர்த்து வேகமாக மீட்டும் பகுதி. சிதார்க்காரர்கள் பாஜில் ஒரு ‘தா’, சிகாரியில் மூன்று ‘ரா’ என்று நாலாக அடிப்பார்கள். ஒரு ‘ரா’-வைக் கழித்து ‘தா ரா ரா’ ஆக்குங்கள். டோலக் உருட்டலோடு இது சேரும்போது கூட்டத்தில் ஒருத்தராவது விசில் அடிப்பார்.

4. எங்கே வாசிக்கணும், எங்கே சும்மா இருக்கணும்

கானாவில் வார்த்தைதான் முதலாளி. கேலியோ அழுகையோ, சொல் காதில் விழலன்னா பாட்டே இல்லை. அடியோடு அடியாகக் கூடவே வாசித்தால், ‘இன்னாப்பா, நான் பாட சொல்ல ஊட ஊட கொய்யின்னு இழுக்குற?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடம்தான் உங்களுடையது. அங்கேயும் புதுசாக எதுவும் வேண்டாம், அவர் கடைசியாக விட்ட சொல்லின் ஸ்வரங்களைத் திருப்பிச் சொன்னாலே போதும். சோகப் பாட்டில் கடைசி எழுத்தை ஒப்பாரி மாதிரி இழுத்துக் கீழே இறக்குவார்கள் பாருங்கள், அதைப் பிடிக்க சிதாரைப் போல வேறு வாத்தியம் கிடைப்பது கஷ்டம். தந்தியை இழுத்தால் ஸ்வரம் ஏறத்தான் செய்யும், அதனால் இறக்கத்துக்கு வேலையைத் தலைகீழாகச் செய்யணும். ஸட்ஜப் பர்தாவில் விரலை வைத்து, சத்தமில்லாமல் காந்தாரம் வரை முன்கூட்டியே இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு ‘தா’ அடியுங்கள். பிறகு விரலை விடாமல் தந்தியை மட்டும் தளர்த்திக்கொண்டே வந்தால் க, ரி, ஸ என்று ஒரே இழையில் வழிந்து இறங்கும். திறந்த தந்தியில் இது நடக்காது என்பதால் பாடகரைவிட ஒரு ஸ்தாயி மேலே, கழுத்தின் நடுப்பகுதியில் வாசியுங்கள்.

5. கீபோர்டு வந்தால்

பெரம்பூர் பக்கம் சர்ச் கொயரில் வாசிக்கும் நண்பர் யாராவது சேர்ந்தால், கார்டுகளை இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து கட்டையில் கீரவாணி என்றால் ஜி மைனர், சி மைனர், டி மேஜர் போதும். டி மேஜர் வரும்போது ஸட்ஜத்துக்கு இறக்கிய தந்தியை அடிக்காதீர்கள், கார்டில் இருக்கும் நிஷாதத்தோடு அது உரசும்.

6. பதிவும் தந்தியும்

போனில் பதிவு செய்வதென்றால் டோலக்கைப் பின்னால் தள்ளி, போனை சிதாரின் குதிரைக்கு எதிரே ஒன்றரை அடியில் வையுங்கள். எண்ணூர் சாலைப் பக்கம் வீடு என்றால் கன்டெய்னர் லாரி ஓயும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு, ராயபுரம்காரர்களுக்கு ஒன்று. உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, சிதாரை உறை போட்டு வையுங்கள். துருப்பிடித்த பாஜில் மீண்ட் இழுத்தால் விரல் கிழியும், சுதியும் நிற்காது. உபரியாக இரண்டு பாஜ் தந்தி எப்போதும் பையில் இருக்கட்டும், மொட்டைமாடிக் கச்சேரியில் பாதியில் அறுந்தால் ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.