புதர் மூடிய கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்களுக்கு

சேலத்தின் பழைய பகுதிகளிலும் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலும் உண்ணிச்செடி மண்டிய கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு புதரை வெட்டக் கிளம்ப வேண்டாம். முதலில் அடக்கப் பதிவேடு, அதாவது யாரை எப்போது அடக்கம் செய்தார்கள் என்று எழுதி வைத்த ஏடு; பிறகுதான் கல். கல் நாட்ட வசதி இருந்தவர்களின் பெயர்தான் கல்லில் இருக்கும். தோட்டத் தொழிலாளிகளும் சமையல்காரர்களும் பிறந்து சில நாளிலேயே போய்விட்ட குழந்தைகளும் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அந்த இடத்தின் வரலாறு பாதிதான்.

முதல் படி: நிலம் யார் பெயரில்?

கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்துத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையும் உரிமையும் குறித்த ஏடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். நிலம் மயானப் புறம்போக்கா, திருச்சபைக்குச் சொந்தமா, எஸ்டேட்டின் பட்டா நிலத்துக்குள் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். யாரிடம் அனுமதி கேட்பது என்பதும் இதைப் பொறுத்ததுதான். பழைய நில அளவை ஆவணம் வேண்டுமானால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாம் படி: அடக்கப் பதிவேடு

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். சேலத்தில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மறைபணி அமைப்பு 1827-இல் பணியைத் தொடங்கியது. ஏற்காட்டின் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயமான ஹோலி டிரினிட்டி 1853-ஐச் சேர்ந்தது. இந்த இரண்டு மரபுகளும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்தன. ஆகவே பழைய மிஷன் பதிவேடு இன்றைய எந்த ஆலயத்தின் அலமாரியில் இருக்கிறது என்று ஆயரிடம் கேளுங்கள். கத்தோலிக்கக் கல்லறை என்றால் பங்குத்தந்தையிடம், கபர்ஸ்தான் என்றால் பள்ளிவாசல் ஜமாத்திடமும் வக்ஃப் வாரியத்திடமும் கேட்க வேண்டும்.

பதிவேடு கையில் வந்ததும் பெயர்களைத் தேடி ஓடாமல், ஒரு பக்கத்தை முழுதாகப் படியுங்கள். இறந்த நாள், அடக்கம் செய்த நாள், வயது, தொழில், இறந்த காரணம் என்று கட்டங்கள் இருக்கும். 1876 முதல் 1878 வரையிலான பக்கங்களைத் தவறவிடாதீர்கள். தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய காலம் அது. அடக்கங்கள் நெருங்கி வருகின்றனவா, காலரா என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால் ஒரு மாற்று வழி உண்டு. சென்னை மாகாணத்தில் அடக்கமான ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர்களின் பதிவுப் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை வாசகத் தொகுப்பு மாவட்டவாரியாக அமைந்தது. இன்று சிதைந்துவிட்ட கல்லின் வாசகம் அதில் முழுதாக இருக்கக்கூடும். அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியர்களைப் பற்றியதே. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள்.

மூன்றாம் படி: களத்தில்

மாசி, பங்குனியில் போங்கள், புதர் காய்ந்திருக்கும். பாம்பு இருக்கும், தனியாகப் போகாதீர்கள். கல்லை இரும்புத் தூரிகையால் தேய்க்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள், எழுத்துக்குச் சாக்குக்கட்டி பூசாதீர்கள். மெல்லிய தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். காலை வெயிலை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் வாங்கிக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்தால், மங்கிய எழுத்து நிழல் விட்டு எழுந்து நிற்கும். சலவைக்கல்லில் பதித்த ஈய எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம். அவற்றைப் பிடித்திருந்த சிறு துளைகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்து, எழுத்தின் வடிவைக் கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ்க் கல்லறைகளில் ௲௮௱௭௰௨ என்பதுபோல் இருந்தால் அது 1872. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. தாது என்பது 1876-77 ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டு கழித்து 1936-37 ஆகவும் இருக்கலாம். கல்லில் தேதியோடு கிழமையும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

நினைவுக்கல் இருக்கும் இடத்தில்தான் உடலும் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். ஹோலி டிரினிட்டியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால் 1912-இல் அவர் இறந்ததும் உடல் எரியூட்டப்பட்டதும் கல்கத்தாவில்.

நான்காம் படி: ஒப்படைப்பது

கல்லறைகளுக்கு எண் கொடுத்து, தாளில் ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் புகைப்படம், வாசகம், பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றைச் சேருங்கள். கல் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பெயர்களுக்குத் தனிப் பட்டியல் தயாரியுங்கள். பிரதிகளை ஆலயத்துக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நாளைக்கு அந்த நிலத்தை யாராவது மனையாகப் பிரிக்க வந்தால், சர்வே எண்ணோடு கூடிய அந்தப் பட்டியலை மனுவோடு இணைக்கலாம்.