நியோஆன்டிஜென் கணிப்பு: மென்பொருளை ஓட்டுமுன்னும் ஓட்டியபின்னும் நடக்கும் தவறுகள்

புற்றுநோய்க் கட்டியில் மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) ஆன புரதத்தின் எந்தத் துண்டை எச்எல்ஏ (HLA) மூலக்கூறு, நோய் எதிர்ப்பு டி செல்கள் (T cell) பார்க்கும்படி செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும்? அப்படிக் காட்டப்படும் துண்டுதான் நியோஆன்டிஜென். இதைக் கணிக்க சேலத்தில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களும் நெட்எம்எச்சிபான் (NetMHCpan) அல்லது எம்எச்சிஃப்ளரி (MHCflurry) மென்பொருளைத்தான் திறப்பார்கள். இரண்டுக்கும் ஒரே குணம்: எதைக் கொடுத்தாலும் ஓர் எண் வந்துவிடும். தவறு பெரும்பாலும் நாம் கொடுப்பதில்தான்.

முதலில் அலீல், அதாவது எச்எல்ஏ மரபணுவின் குறிப்பிட்ட வகை. பயிற்சிக் கோப்பில் இருக்கிறது என்பதற்காக ஏ*02:01-ஐ வைத்தே ஓட்டுவது, அல்லது ரிப்போர்ட்டில் 'ஏ2' என்றிருந்தால் அது 02:01தான் என்று எடுத்துக்கொள்வது. சேலத்துக் கடையில் போய் 'மாம்பழம் கொடுங்க' என்றால், மல்கோவாவா செந்தூராவா என்று திருப்பிக் கேட்பார்கள். மென்பொருள் அப்படிக் கேட்காது. இந்தியர்களிடம் ஏ*02:11, ஏ*33:03, ஏ*24:02, ஏ*11:01 போன்றவை பரவலாக உள்ளன. சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வரும் நோயாளிக்கு 'தென்னிந்திய சராசரி' அட்டவணையைப் பார்த்து அலீல் போடக் கூடாது. அவருடைய ரத்த எக்ஸோம் (புரதத்துக்கான டிஎன்ஏ பகுதிகள்) தரவை, எச்எல்ஏ வகையைக் கண்டறியும் ஆப்டிடைப் (OptiType) மென்பொருளில் ஓட்டி, எச்எல்ஏ ஏ, பி, சி மரபணுக்கள் மூன்றிலும் நான்கு இலக்கம் வரை (02:01 போல) எடுங்கள். நெட்எம்எச்சிபான் முடிவின் தலைப்பில், மென்பொருள் கற்றுக்கொண்ட பயிற்சித் தரவிலிருந்து அந்த அலீல் எவ்வளவு தூரம் என்று ஒரு வரி வரும். பலர் படிக்காமல் தாண்டும் வரி அது. தூரம் கூடக் கூட நம்பிக்கையைக் குறையுங்கள். கட்டி அந்த எச்எல்ஏ மரபணுவையே இழந்திருந்தால் கணிப்பு முழுதும் வீண்; அதையும் சோதியுங்கள்.

அடுத்தது, மென்பொருளுக்குக் கொடுக்கும் புரத வரிசையை வெட்டும் அளவு. 9 அமினோ அமிலத் துண்டு வேண்டுமென்றால் மியூட்டேஷனுக்கு இருபுறமும் 8 வேண்டும், மொத்தம் 17. 11 வரை போனால் 21. முழுப் புரதத்தையும் கொடுத்தால் மியூட்டேஷனே இல்லாத துண்டுகள் பட்டியலை நிரப்பும். பக்கத்திலேயே நோயாளிக்குப் பிறவியில் வந்த வேறுபாடு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் உடம்பிலேயே இல்லாத பெப்டைடை (புரதத் துண்டை) கணிப்பீர்கள்.

இனி எண்ணைப் படிப்பது. ரேங்க் 0.5-க்குக் கீழ் வலுவான பிணைப்பு, 2-க்குக் கீழ் பலவீனமானது. ஆனால் ஒரு மியூட்டேஷனுக்கு 8 முதல் 11 நீளம் வரை 38 துண்டுகள். ஏ, பி, சி-யில் இரண்டிரண்டாக 6 அலீலுக்கு 228 கணிப்புகள். ரேங்க் 2 என்பதே சாதாரண புரதத் துண்டுகளில் மேல் 2 சதவீதம் என்பதால், ஏதோவொரு வரிசையைக் கொடுத்தாலும் நாலைந்து தேறிவிடும். 'பைண்டர் (எச்எல்ஏ-வில் ஒட்டும் துண்டு) கிடைத்தது' என்பது கண்டுபிடிப்பே இல்லை. பிணைப்பு வலிமையைக் காட்டும் நானோமோலார் அளவை வைத்து இரு அலீல்களை ஒப்பிடுவதும் சரியில்லை, அங்கே ரேங்க்தான்.

மியூட்டேஷன் துண்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய பிழை. கேராஸ் (KRAS) புரதத்தின் 12-ஆம் இடத்தில் 'ஜி' (G, கிளைசின்) 'டி' (D, அஸ்பார்டிக் அமிலம்) ஆக மாறும் ஜி12டி மியூட்டேஷனை எடுங்கள். ஏ*11:01 காட்டும் விவிவிஜிஏடிஜிவிஜிகே (VVVGADGVGK) என்ற 10 எழுத்துத் துண்டில் 'டி' ஆறாமிடம். பிணைப்பைத் தாங்குவது கடைசி 'கே'. அதனால் சாதாரண துண்டும் ஏறக்குறைய அதே ரேங்க் வாங்கும், வித்தியாசத்தை டி செல்தான் கண்டுபிடிக்க வேண்டும். சி*08:02 காட்டும் ஜிஏடிஜிவிஜிகேஎஸ்ஏ-வில் (GADGVGKSA) அதே 'டி' மூன்றாமிடத்தில், எச்எல்ஏ-வைப் பிடிக்கும் நங்கூரமாகிறது. அது இல்லாத சாதாரண துண்டு சரியாக ஒட்டாது. 'சாதாரண துண்டைவிட பிணைப்பு எத்தனை மடங்கு கூடியது' என்று மட்டும் வடிகட்டினால் முதல் துண்டைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

ஆர்என்ஏ தரவில் அந்த மியூட்டேஷன் படியெடுக்கப்படவே இல்லையென்றால் ரேங்க் 0.01 வந்தும் பயனில்லை. கடைசியாக, மென்பொருள் கற்றுக்கொண்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி பயிற்சித் தரவில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டைடுகள் குறைவாகவே பிடிபடுகின்றன. ஆகவே சிஸ்டைன் துண்டு மோசமான மதிப்பெண் வாங்கினால், உடனே அடித்துவிடாமல் பிணைப்புக் கணிப்பையும் தனியே ஓட்டிப் பாருங்கள்.