பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும்: சிறார் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறார் நாவல் எழுத வருகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது இந்தக் கருவைத்தான். பங்களா வீட்டுப் பையனும் அங்கே பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மகளும், காரில் வரும் சிறுமியும் இஸ்திரி வண்டிக்காரர் மகனும் நண்பர்களாவார்கள். நல்ல கரு, இன்னும் நிறைய எழுதப்பட வேண்டிய கரு. ஆனால் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை விழுந்த அதே பள்ளங்களில் புதியவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். எழுத்துப் பிழை, நீளமான வாக்கியம், கடைசிப் பக்கத்தில் நீதி சொல்வது இவற்றையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பா வந்து ஃபீஸ் கட்டும் கடைசி அத்தியாயம்

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாவல் முழுக்க இரண்டு பிள்ளைகளும் அருமையாகப் பழகியிருப்பார்கள். கடைசிக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் ஏழைப் பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும். பிள்ளை பள்ளியை விட்டு மெக்கானிக் கடைக்கோ பூக்கட்டவோ போகும். பணக்காரப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடிக்கும். அப்புறம் சந்து முனையில் கார் வந்து நிற்கும். அப்பா இறங்கி, படிப்புச் செலவு என்னுடையது என்பார். அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். முற்றும்.

ஒரு நூலகத்தில் கோடை விடுமுறை நிகழ்ச்சியில், இப்படி முடியும் கைப்பிரதி ஒன்றை எழுதியவரே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் கதையில் உயிரோட்டமான இடம் மூன்றாவது அத்தியாயம். கேரம் விளையாட்டில் பையன் அழுகுணி ஆட்டம் ஆடுவான், சிறுமி காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போவாள், இரண்டு நாள் பேச மாட்டாள். பிள்ளைகள் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசித்து முடித்ததும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "இனிமே அவன் அழுகுணி ஆடினா இவ சண்டை போடுவாளா சார்?" ஏன் போடமாட்டாள், நண்பர்கள்தானே என்றார் எழுத்தாளர். "அவங்க அப்பா காசு கட்டியிருக்காரே" என்றாள்.

அந்தச் சிறுமி சொன்னதற்கு மேல் விமர்சனம் எதுவும் தேவையில்லை. கோபித்துக்கொள்ளும் உரிமை இருக்கும்வரைதான் இரண்டு பிள்ளைகளும் சமம். பணம் கைமாறிய நிமிடத்தில் ஒருத்தி கடன்பட்டவளாகிவிடுகிறாள். அதன்பிறகு அவள் காய்களைக் கலைக்க முடியாது. நட்பைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய அத்தியாயம்தான் அந்த நட்பை முடித்துவைக்கிறது.

இதன் அடியில் இன்னொரு தவறும் இருக்கிறது. படிக்கப்போவது வசதியான வீட்டுப் பிள்ளை, அதற்கு இரக்கம் சொல்லித்தர வேண்டும் என்று எழுதுகிறவர் தன்னையறியாமல் முடிவு செய்துவிடுகிறார். புத்தகமோ அரசுப் பள்ளி நூலகத்துக்கும் போகிறது. அங்கே அதை எடுத்துப் படிக்கிறவள், தன் அம்மா இன்னொருவர் வீட்டில் வேலை செய்யும் சிறுமி. கையெடுத்துக் கும்பிடும் அந்தப் படத்தை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

இந்தக் கருவைத் தொடுகிறவர்கள் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையைப் படித்துவிட்டு உட்காரலாம். பிள்ளைகளுக்காக எழுதியதல்ல, ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போட்டுப் பேசும் பிள்ளைகளின் கதை. அதில் கொடுக்கும் கை பணக்கார வீட்டுக் கை அல்ல. தீபாவளியன்று ராஜா என்ற அநாதைச் சிறுவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுபவள் வறுமையில் கிடக்கும் வீட்டின் அம்மா. தன் வீட்டுக்கு ராஜா வந்த பெருமையைப் பணக்காரப் பையன் பேசும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று அந்த ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாள் நிமிர்ந்து சொல்கிறாள்.

சரி, பணப் பிரச்சினையை எப்படி முடிப்பது? ஏழைப் பிள்ளையின் பக்கத்து மனிதர்களே முடிக்கட்டும். சீட்டுப் பிடிக்கும் பக்கத்து வீட்டு அக்கா, தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு என்று எத்தனையோ வழி உண்டு. முடியாமலே போனாலும் தவறில்லை. பணக்காரப் பிள்ளை ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால், அது அந்தப் பிள்ளையால் முடிந்ததாக, அதற்கு ஏதாவது நஷ்டம் தருவதாக இருக்கட்டும். ஒரு உதாரணம்: கார்க் கண்ணாடியை உடைத்தது பணக்காரப் பையனின் பந்துதான். ஆனால் காவலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள். அந்தக் காவலாளி தோழியின் அப்பா. இரவுச் சாப்பாட்டில் அவன் வாய் திறந்து உண்மையைச் சொல்வானா? ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு அத்தியாயம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கலாம்.

இன்றைய கதைக்குள் அந்தக் காலத்து வறுமை

கதையில் எல்லாரும் கையில் செல்போன் வைத்திருப்பார்கள். ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நோட்டு வாங்கக் காசில்லாமல் அழும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. 11ஆம் வகுப்பில் சைக்கிளும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் போய்விட்டது. வறுமை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அது இப்போது வீட்டு வாடகையில், கடன் தவணையில், இரவு ஷிஃப்ட் போகும் அம்மாவின் தூக்கத்தில் இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் அதற்கும் உண்மையான வழி உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது). எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆண்டு விழா டான்ஸ் டிரெஸ், சுற்றுலாப் பணம், வகுப்பு முழுவதையும் அழைக்கும் பிறந்தநாள் விழாவுக்குக் கொண்டுபோக வேண்டிய பரிசு என்று வந்துகொண்டே இருக்குமே! கதை அங்கே இருக்கிறது.

சாதியை விட்டுவிட்டு வர்க்கத்தை மட்டும் எழுதுவது

நம் ஊரில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். நண்பன் எந்த வாசல் வழியாக வருகிறான், எதுவரை வருகிறான், திண்ணையா, கூடமா, அடுக்களையா என்று எழுதினாலே போதும். சாதிப் பெயரைச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நட்பு தொடங்கிய அன்றே இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்று எழுதுவது பொய்.

கொடுமைக்கார அம்மா

வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தடவி அன்பாகப் பேசிக்கொண்டே தனி டம்ளரில் காபி கொடுக்கும் அம்மாவை எழுதுங்கள்.

ஏழை என்றால் முதல் ராங்க்

கணக்கில் 38 மார்க் எடுக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நண்பர்கள் வேண்டும்.

பெயர்கள்

பணக்காரன் ஆதித்யா, ஏழை மாரி. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இன்று ரித்திக், தன்ஷிகா இருக்கிறார்கள். ஒரு அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஓவியம்

கைப்பிரதியோடு ஓவியருக்கு எழுத்தில் கொடுங்கள்: இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தோல் நிறம், கிழிந்த சட்டை கூடாது.